அப்பாவின் கட்டிலடியில் இருந்து வாசிக்க ஏதாவது சொல்லுங்கள்

கொக்குவில்_மூத்தவன்
செவ்வாய், இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை, வருசக்கணக்கில் வாசித்துவிட்டுச் சத்தம் போடாமல் போகிற ஆள். இன்றைக்கு ஒரு உதவி தேவைப்படுகிறது.

மாசி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மூன்று கிழமை ஆஸ்பத்திரி, பிறகு வீடு. பகலில் அம்மாவும் தங்கச்சியும் பார்க்கிறார்கள், இரவு முறை என்னுடையது. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடையில் கண்ணயர்ந்தால் எழும்ப மாட்டேன் என்ற பயத்தில் கட்டிலடியில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை குந்தியிருக்கிறேன்.

சிக்கல் இதுதான். சின்ன வயதில் இருந்தே எனக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரு புத்தகத்துக்குள் போய்ப் படுத்துவிடுவேன். வேலை போனபோதும் சரி, பேசி வந்த கல்யாணம் குழம்பினபோதும் சரி. இந்த முறை முடியவில்லை. ஒரே வரியை நாலு தரம் வாசிக்கிறேன், ஐந்தாம் தரம் பார்த்தால் நான் அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும் என்பதால் பிஸ்கற் பெட்டியோடு ஒரு புத்தகமும் கொண்டு வருகிறார்கள். ஒருவர் தந்தது 900 பக்க மொழிபெயர்ப்பு நாவல், முதல் அத்தியாயத்திலேயே ஒரு சாவு. அது இப்போது மேசை மின்விசிறி ஆடாமல் இருக்க அண்டை கொடுத்திருக்கிறது.

இப்படியான காலத்தில் நீங்கள் எதை வாசித்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள்? கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு நூல்கள் மாதிரிப் பட்டியல் வேண்டாம். உண்மையில் கை கொடுத்தது எது என்று மட்டும் சொல்லுங்கள்.


பழைய_கொப்பி
புதன், காலை 6.10

தம்பி, அப்பா சுகமாக வேண்டும், முதலில் அது.

நாவலை விடுங்கள். நூலகம் தளத்துக்குப் போய்ப் பழைய சஞ்சிகை ஏதாவது ஒன்றைத் திறவுங்கள். 2005இல் தொடங்கின திட்டம், இப்போது நம்முடைய ஆட்கள் அச்சடித்த சாமான் மலைபோல அங்கே கிடக்கிறது, காசும் இல்லை. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கின மல்லிகையின் பழைய இதழ் ஒன்றை எடுங்கள். கதை கட்டுரை வாசிக்கச் சொல்லவில்லை. விளம்பரங்களை வாசியுங்கள், ஆசிரியருக்கு வந்த கடிதங்களை வாசியுங்கள். அம்மா செத்த வருசம் எனக்குக் கதை ஓடவில்லை, விளம்பரம் ஓடியது. எந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது, அது இப்போது என்னவாக இருக்கிறது என்று மனதுக்குள் சைக்கிள் ஓடிக்கொண்டே இரவைக் கழித்திருக்கிறேன். நாலு வரிக்கு மேல் மனம் நிற்காது என்றால் நாலு வரியில் முடிகிற சாமானைத்தானே கொடுக்க வேண்டும்.

போனில் எழுத்துச் சின்னதாகத் தெரியும். போனைக் கிடையாகப் பிடியுங்கள்.


குரும்பட்டி
புதன், காலை 8.35

அண்ணா, சிரிக்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். கொரிய நாடகம்.

2020 பங்குனியில் ஊரடங்கு போட்டு நாலாம் கிழமை அம்மம்மா போய்ச் சேர்ந்தா. கொரோனா இல்லை, வயதுதான். செத்தவீட்டுக்கு ஆட்கள் இல்லை, பறை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் நின்று அழுதார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒருத்தரும் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. நானும் அம்மாவும் ஒரு போர்வைக்குள் இருந்து என் போனில் தொடர் பார்க்கத் தொடங்கினோம். அம்மாவுக்கு ஆங்கில எழுத்தை அந்த வேகத்தில் வாசிக்க வராது, நான் சொல்லச் சொல்லக் கேட்பா. பாதிக்கு மேல் நான் கட்டிவிட்ட வசனங்கள்தான் (மாமியார் வாயில் எங்கள் பெரியம்மாவின் வசனங்களைப் போட்டேன், அம்மா கண்டுபிடித்துவிட்டா). அந்த நாடகங்கள் அநேகமாகப் பதினாறு பாகத்தில் முடிந்துவிடும். என்ன குழப்பம் வந்தாலும் பதினாறாவதில் சரிவந்துவிடும் என்று தெரிந்திருப்பதே பெரிய ஆறுதல் அண்ணா. வெளியில் எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம் அது.


வேப்பமரத்தடி
புதன், மதியம் 1.20

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார், நாங்கள் போனுக்குள் கொரியா போகிறோம். இதற்குப் பெயர் ஆறுதல் இல்லை, தப்பி ஓடுதல். துக்கத்தை முகம் பார்த்து இருக்கப் பழக வேண்டும். எங்கள் அப்பு அம்மாச்சி காலத்தில் எந்தப் புத்தகம், எந்த நாடகம்? இருந்து அழுதார்கள், எழும்பி வேலைக்குப் போனார்கள்.


குரும்பட்டி
புதன், மதியம் 1.26

நன்றி ஐயா, மிகவும் ஆறுதலாக இருக்கிறது 🙂


ரங்குப்பெட்டி
புதன், இரவு 9.40

வேப்பமரத்தடி அவர்களுக்கு, உங்கள் அப்பு அம்மாச்சி காலத்தில் புத்தகம் இல்லை என்று யார் சொன்னது? கோயிலில் கந்தபுராணம் படித்தார்களே, ஒருவர் செய்யுளைப் பாட மற்றவர் இருந்து பயன் சொல்ல. சூரன் கடைசியில் சேவலும் மயிலுமாகப் போவான் என்று தெரியாமலா சனம் நாட்கணக்கில் போய் இருந்தது? சித்திரா பூரணைக்குச் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பதைக் கண்டதில்லையா? தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள் அது. அந்த நாளில் ஒரு கதையை, அதுவும் போன வருசம் கேட்ட அதே கதையை, இருந்து கேட்கிறார்கள். அது எங்கே தப்பி ஓடுகிற ஓட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1990க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றறி கொண்டுவரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தது. றேடியோவுக்கு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், டைனமோவில் இருந்து வயர் போகும். இரவில் பிபிசி தமிழோசை போகும்போது அண்ணாதான் சுற்றுவார். களைத்துச் சுற்றுக் குறைந்தால் செய்தி இழுபட்டுப் போகும், அப்பா இருட்டுக்குள் இருந்து "டேய்" என்பார், திரும்ப வேகம் பிடிக்கும். செய்தி எல்லாம் எங்கள் ஊரில் விழுந்த குண்டுகளைப் பற்றித்தான். ஆறுதலான செய்தி என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் ஒரு நாள் கேட்காவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

பிறகு 1995 ஐப்பசி 30, வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன நாள். மழை. ஒரு ரங்குப்பெட்டிக்குள் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், இரண்டு சேலை, அரிசி என்று அம்மா அடுக்கினா, நான் அவசரத்தில் அலுமாரியில் இருந்து பொன்னியின் செல்வனைத் தூக்கிச் செருகினேன். ஐந்து பாகமும் எங்களிடம் தனித்தனிப் புத்தகமாக இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஏழு குடும்பத்தோடு இருந்து பெட்டியைத் திறந்தால், வந்திருப்பது மூன்றாம் பாகம் மட்டும். வந்தியத்தேவன் ஈழத்துக்கு வந்து திரிகிற இரண்டாம் பாகத்தைக்கூட விட்டுவிட்டு, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் நடு மட்டும் கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு வந்த அழுகை, வீட்டை விட்டதற்குக்கூட வரவில்லை.

அந்த ஒரு பாகத்தை ஆறு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாரப் பத்திரிகையில் 1950இல் இருந்து 1954 வரை தொடராக வந்த கதை அது, ஒவ்வொரு அத்தியாயமும் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும், அடுத்ததை வாசிக்காமல் விடமாட்டார்கள். பாகம் முடிந்ததும் "பிறகு?" என்றார்கள். எனக்கு முடிவு மறந்துபோயிருந்தது, அதோடு மூளையும் அப்போது ஒரு நிதானத்தில் இல்லை. மூலையில் படுத்திருந்த ஒரு தாத்தா எழும்பி இருந்து மிச்சக் கதையை மூன்று இரவாகச் சொன்னார். பல வருசத்துக்குப் பிறகு நாலாம் ஐந்தாம் பாகம் திரும்பக் கையில் கிடைத்து வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்த மனுசன் சொன்னதில் முக்கால்வாசி அவருடைய சொந்தக் கதை. செத்தவர்கள் ஒருவரும் அவருடைய கதையில் சாகவே இல்லை.

1996இல் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரியும் இல்லை. மூன்றாம் பாகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பெட்டி கறள் பிடித்து எறிந்தாயிற்று.

கொக்குவில் தம்பிக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தனியே மனதுக்குள் வாசிக்க வரவில்லை என்றால் சத்தமாக வாசியுங்கள், அப்பாவுக்கு. உங்களுக்கு ஓடாவிட்டாலும் வாய் ஓடும்.


ஸ்காபரோ_குளிர்
வியாழன், காலை 7.15

அக்கா, அந்தத் தாத்தாவை நினைத்துப் பஸ்ஸுக்குள் இருந்து சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் போகிறேன்.

என்னுடையது விசித்திரமாக இருக்கும். அம்மா ஊரில் செத்தபோது எனக்குப் போக முடியவில்லை, விசா அலுவல். போனில் நேரலையில்தான் பார்த்தேன், பொற்சுண்ணம் பாடுகிற இடத்தில் சிக்னல் போய்விட்டது. இரண்டு மாதம் எதையும் தொடவில்லை. பிறகு 31ம் நாளுக்கு அடித்த கல்வெட்டு, அதுதான் அந்த நினைவுப் புத்தகம், தபாலில் வந்தது. எல்லாக் கல்வெட்டும் ஒன்றுபோலத்தானே, முன்பக்கம் படம், பிறகு தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். ஊரில் இருக்கும்போது இப்படி வருகிறவற்றைப் புகைக்கூட்டுக்கு மேல் போட்டுவிடுவோம். அதை நான் ஒவ்வொரு இரவும் வாசித்தேன். நன்றி நவிலலில் பந்தல் போட்டவர், கதிரை தந்தவர், சமைத்தவர் என்று எழுதியிருந்ததை வாசிக்க வாசிக்க, நான் நிற்காத செத்தவீட்டில் யார் யார் நின்றார்கள் என்று கண்ணுக்குள் வந்தது. அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது. தம்பிதான் எழுதினவன். அதில் ஒன்றைத் திருத்தப் பேனை எடுத்துவிட்டுத் திருத்தாமல் விட்டேன்.


வார்ட்_இரவுமுறை
வியாழன், பின்னேரம் 4.30

நான் ஆஸ்பத்திரியில் தாதி. பக்கவாத நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ரங்குப்பெட்டி அக்கா சொன்னதை நானும் சொல்ல வந்தேன், அதற்குக் கொஞ்சம் காரணமும் சேர்த்து.

அநேகமானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை ஆட்டுவதும் இடப்பக்க மூளைதான். அதனால்தான் அங்கே அடிபட்டால் வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போகின்றன. பேச்சுப் போனதென்றால் அறிவு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பலர் நாங்கள் சொல்வதை நாங்கள் நினைப்பதை விடக் கூட விளங்கிக்கொள்கிறார்கள், பதில்தான் வெளியில் வராது. தயவுசெய்து அவர் முன்னால் நின்றுகொண்டு அவரைப் பற்றி மற்றவர்களோடு கதைக்க வேண்டாம், வருகிறவர்களையும் கதைக்க விடவேண்டாம்.

இன்னொன்று. யோசித்துச் சொல் தேடிச் சொல்கிற பேச்சு வேறு, பழக்கத்தில் தானாக வருகிற பேச்சு வேறு. "தண்ணி" என்று கேட்க முடியாதவர் ஒன்று இரண்டு மூன்று என்று பத்துவரை எண்ணுவார், கிழமை நாட்களைச் சொல்வார், சின்ன வயதில் பாடமாக்கின தேவாரத்தைப் பாடுவார், தூசணமும் தெளிவாக வரும் (வார்ட்டில் மரியாதைப்பட்ட வாத்தியார்மாரிடம் கேட்டிருக்கிறேன்). பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லைச் சொல்ல வைக்கிற பயிற்சிமுறை ஒன்று 1973இல் இருந்தே இருக்கிறது. அப்பா தேவாரம் பாடிப் பழகினவர் என்றால் நீங்கள் மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள். வந்தால் வரட்டும். வாசித்துக் காட்டுவதாக இருந்தால் பத்து நிமிசம் போதும், றேடியோவை நிற்பாட்டிவிட்டு, அவர் முகம் தெரிகிற பக்கம் இருந்து, ஆறுதலாக. நடுவில் நிற்பாட்டி "விளங்கினதோ, இதில் யார் வந்தது" என்று சோதனை வைக்க வேண்டாம். திடீரென்று அழுதாலோ சிரித்தாலோ பயப்படவும் வேண்டாம், பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இரண்டும் கட்டுப்பாடில்லாமல் வரும்.

உங்களுக்கும் ஒரு சொல். வரியை நாலு தரம் வாசிப்பது உங்கள் வாசிப்புச் செத்துப்போனதால் இல்லை, நித்திரை இல்லாததால். கிழமைக்கு இரண்டு இரவாவது முறையை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, மனம் இருண்டே கிடக்கிறது என்றால் ஒரு டொக்டரிடம் கதையுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். புத்தகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது.


வேப்பமரத்தடி
வியாழன், இரவு 10.05

சரி, என் மேல் எல்லோரும் ஏறிவிட்டீர்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், பிறகு பேச்சு வேண்டாம்.

2022இல் என் தொழில் படுத்தது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். என்னுடையது குளிர்ப்பெட்டியை நம்பின வியாபாரம், விளக்கம் தேவையில்லை. பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு ஓட்டோக்களுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளோடு படுத்துக் கிடந்தேன். வீட்டுக்குப் போனாலும் மனுசியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் வரிசையே நல்லது போல இருந்தது. முன்னால் நின்ற ஓட்டோக்காரத் தம்பி போனில் இலங்கை வானொலியின் பழைய நாடகம் ஒன்று போட்டான், யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நான் பெடியனாக இருந்த காலத்தில் அந்தக் குரல்களைக் கேட்க பக்கத்து வீட்டு யன்னலடியில் போய் நிற்போம். ஒரு கூத்தாடிச் சண்டை, ஒரு கணவன் மனைவி, கடைசியில் ஒரு சிரிப்பு. வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் கிட்ட வந்து இருந்தோம். அன்றைக்குப் பெற்றோல் வரவில்லை. ஆனால் அந்த இரவு நான் செய்ய நினைத்திருந்த ஒரு காரியத்தைச் செய்யவில்லை. அவ்வளவுதான்.

குரும்பட்டி, மகள், கோபிக்க வேண்டாம்.


குரும்பட்டி
வியாழன், இரவு 10.31

ஐயா, கோபம் இல்லை. எழுதினதற்கு நன்றி. தாதி அக்கா சொன்ன அந்த இலக்கத்தை நீங்களும் போனில் போட்டு வையுங்கள். கேட்காமல் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.


வேப்பமரத்தடி
வியாழன், இரவு 10.40

போட்டாயிற்று.


கொக்குவில்_மூத்தவன்
ஞாயிறு, இரவு 12.20

இரண்டு நாளாகப் பதில் எழுத நேரம் வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் வாசித்தேன். ஆச்சரியம், இந்த இழையை முழுக்க ஒரே மூச்சில் வாசித்தேன், மூன்று மாதத்தில் இதுதான் முதல்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் தேவாரம். அப்பா சின்ன வயதில் கோயிலில் பாடினவர், பிறகு பாட்டும் இல்லை, கோயிலும் இல்லை. சம்பந்தருடைய முதல் பதிகத்தை நான் தொடங்கினேன், எனக்கு மெட்டும் வராது. இரண்டாம் அடியில் தொண்டைக்குள் ஏதோ முனகினார். மூன்றாம் அடியில் சொல் இல்லை, ஆனால் மெட்டுச் சரியாக வந்தது, நான் இழுத்த பிழையான இடத்தில் அவர் சரியாக இழுத்தார். குசினியில் நின்ற அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றா. அதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை, விடுங்கள்.

அடுத்தது வாசிப்பு. நாவல் எடுத்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டுரை எடுத்தேன், மூடிக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. இந்த மனுசன் என் வாழ்க்கையில் நாவல் வாசித்து நான் கண்டதே இல்லை. காலையில் படலைக்குள் பேப்பர் விழுந்ததும் நடுப்பக்கத்தை உருவி எடுத்து மரண அறிவித்தல்தான் முதலில் வாசிப்பார், தேத்தண்ணி ஆறும்வரை. நாங்கள் அதற்கு அவரை எத்தனை நக்கல் அடித்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை கதிரையை இடப்பக்கம் போட்டு, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று வாசிக்கத் தொடங்கினேன். கண்ணைத் திறந்தார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மைத்துனரும் என்று போகப் போக இடது கை விரல் போர்வைக்கு மேல் எழும்பி எழும்பி விழுகிறது. முதலில் ஏன் என்று தெரியவில்லை. மூன்றாவது அறிவித்தலில்தான் பிடிபட்டது. தெரிந்த குடும்பம் வருகிற இடத்தில்தான் விரல் எழும்புகிறது. ஓரிடத்தில் கரணவாய் என்று இருந்ததைக் கரவெட்டி என்று பிழையாக வாசித்துவிட்டேன், விரலை இல்லை இல்லை என்று ஆட்டினார். பக்கத்து ஊர்தானே அப்பா என்றேன். திரும்பவும் ஆட்டினார்.

வருத்தக்காரருக்குச் சாவுச் செய்தி வாசிக்கிறாயா என்று தங்கச்சி பேசுகிறாள். ஆனால் அவருக்கு அது சாவுச் செய்தி இல்லை போல இருக்கிறது. யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊரில் பிறந்தவர் கடைசியில் எந்த நாட்டில் போய் நின்றார், அவ்வளவும் ஒரு பந்திக்குள். நானும் இப்போது அந்தப் பத்து நிமிசத்துக்காகக் காத்திருக்கிறேன். இரவு அவரைத் திருப்பிப் படுக்க வைத்த பிறகு அதே பேப்பரை எடுத்து எனக்குள்ளும் ஒரு தரம் வாசிக்கிறேன். வரி ஓடுகிறது.


பழைய_கொப்பி
ஞாயிறு, காலை 6.02

கரணவாயையும் கரவெட்டியையும் மாற்றி வாசித்தால் வடமராட்சியான் எவனும் விரலோடு விடமாட்டான், அப்பா பெருந்தன்மையான மனிதர்.

பழைய பேப்பர் வேண்டுமென்றால் பொதுநூலகத்துக்குப் போங்கள், ஆஸ்பத்திரி வீதியில் இருந்து சைக்கிளில் பத்து நிமிசம். 1981இல் எரிந்ததோடு போனது போனதுதான், பிறகு சேர்த்தவை இருக்கின்றன. அவருடைய இளமைக்கால அறிவித்தல்கள் கிடைத்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டலாம்.


கொக்குவில்_மூத்தவன்
செவ்வாய், காலை 7.48

அவசரம், யாராவது நிற்கிறீர்களா? இன்றைய பேப்பரில் அப்பாவோடு ஒரே கந்தோரில் இருபது வருசம் வேலை செய்தவருடைய அறிவித்தல் படத்தோடு வந்திருக்கிறது. நல்ல கூட்டாளி. வாசிக்கவா, மறைக்கவா?


பழைய_கொப்பி
செவ்வாய், காலை 7.55

மறையுங்கள். இப்போது வேண்டாம்.


ரங்குப்பெட்டி
செவ்வாய், காலை 8.03

மறைக்க வேண்டாம் தம்பி. 31ம் நாள் கல்வெட்டைக் கொண்டுவந்து யாராவது கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? என் அப்பாவிடம் ஒரு சாவை ஐந்து மாதம் மறைத்தோம். செத்தவருக்காகக் கொஞ்சம் அழுதார், மறைத்த எங்களோடு ஒரு வருசம் கதைக்கவில்லை.


வார்ட்_இரவுமுறை
செவ்வாய், காலை 8.20

பிரசர் பார்த்தீர்களா? சாதாரணமாக இருந்தால் சாப்பாடு, மருந்து எல்லாம் முடிந்து வீடு அமைதியான நேரத்தில் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, நாலு வரியில். சொல்லிவிட்டு எழும்பி ஓட வேண்டாம், பக்கத்தில் இருங்கள்.


கொக்குவில்_மூத்தவன்
செவ்வாய், இரவு 9.15

உங்கள் பதில்கள் வருமுன்பே காரியம் கெட்டுவிட்டது.

நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அந்த ஒன்றை மட்டும் தாண்டி அடுத்ததுக்குப் போனேன். ஆனால் பேப்பரை அவர் பக்கம் படம் தெரியப் பிடித்திருக்கிறேன் என்று யோசிக்கவில்லை. இடது கையால் எட்டிப் பேப்பரைப் பிடித்தார். இழுத்தேன், விடவில்லை. மூன்று மாதமாகத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்காத பிடி. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார், முழுச் சொல், ஒரு எழுத்துச் சிதையாமல்:

"கள்ளன்."

நான் ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறா. செத்துப்போனவர் 1987இல் அப்பாவின் றலி சைக்கிளை ஒரு கிழமைக்கு என்று வாங்கிக்கொண்டு போனவராம், திருப்பித் தரவே இல்லையாம், அந்தக் கதையை அப்பா கந்தோரில் ஓய்வுபெறும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதைத்தான் சொன்னார் என்கிறா அம்மா. எனக்கு என்னவோ, அறிவித்தலை மறைக்கப் பார்த்த என்னைத்தான் சொன்னார் என்று படுகிறது. தங்கச்சியோ, தாதி அக்கா சொன்ன பட்டியலில் தேவாரத்துக்கு அடுத்ததாக இருந்தது இதுதான் என்கிறாள். அப்பாவிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். கடைவாயில் தண்ணீர் வழிகிறது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

செத்தவீடு நாளை பின்னேரம். நான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டா. பேப்பரை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார், எடுக்க விடுகிறார் இல்லை.


ரங்குப்பெட்டி
செவ்வாய், இரவு 9.31

போய்விட்டு வாருங்கள் தம்பி. வரும்போது அந்த வளவுக்குள் எங்கேயாவது ஒரு றலி சைக்கிள் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.